கோவிந்தசாமியின் தோளும் என் இன்சுலினும்

இளம் டாக்டர்களே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெளிவாக நாலு விஷயம் சொல்லப்போகிறேன் என்று நினைத்து பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தால், எடுத்து உள்ளே வையுங்கள். சின்ன காஞ்சிபுரத்தில் சர்க்கரை நோய் பார்த்தே எனக்குத் தலை நரைத்தது. அதில் புரிந்து வைத்தியம் பார்த்த நாட்களைவிட, ஒன்றும் புரியாமல் திருதிருவென்று விழித்த நாட்கள்தான் அதிகம். மருந்தின் பெயரும் அளவும் புத்தகத்தில் இருக்கின்றன, படித்துக்கொள்ளுங்கள். விழிக்கிற நேரத்தில் என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதனால் அதைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் படித்த காலத்தில் கொழுப்புச் செல் என்றால் ஒரு கிடங்கு. தின்று மிஞ்சியதைப் போட்டு வைக்கிற இடம், அவ்வளவுதான். தொண்ணூறுகளில் நான் சென்னைக்குக் கருத்தரங்குக்குப் போய்வரப் போய்வர, அந்தக் கிடங்குக்கு வேலை கூடிக்கொண்டே போனது. அது ஹார்மோன் சுரக்கிறது என்றார்கள். மூளையோடு பேசுகிறது என்றார்கள். இன்சுலின் வந்து செல்லின் மேல் ஒட்டினால், உள்ளே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குச் சேதி மாறி, கடைசியில் சர்க்கரைக்குக் கதவு திறக்கிறதாம். உடல் பருத்தவர்களுக்கு அந்தச் சேதி நடுவழியிலேயே நின்றுபோகிறதாம். படம் போட்டார்கள், படம் முழுக்க அம்புக்குறி போட்டார்கள். சபையோடு சேர்ந்து நானும் தலையாட்டினேன்.

ஊர் திரும்புகிற பஸ் வாலாஜாபாத் தாண்டுவதற்குள் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. பருத்தவரின் கொழுப்புச் செல்லுக்கு இன்சுலின் சொல்வது காதில் விழவில்லை, சரி. ஆனால் அதே ஆள் ஒரே இடத்தில் ஊசி போட்டுக்கொண்டே வந்தால், அந்த இடத்தில் மட்டும் கொழுப்பு உப்பிக்கொண்டு வருகிறதே! கொழுப்பைச் சேர்த்து வை என்று இன்சுலின் சொல்வது அங்கே மட்டும் எப்படிக் கேட்கிறது? அது செவிடா, இல்லை செவிடு மாதிரி நடிக்கிறதா? தெரிந்தவர்களைக் கேட்டேன். ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். இரண்டு பதில் ஒத்துப்போனதாக ஞாபகம் இல்லை.

இந்தச் சந்தேகம் மண்டைக்குள் கிடந்த காலத்தில்தான் கோவிந்தசாமி என்னிடம் வந்தார். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அரிசி மண்டி வைத்திருந்தார். பூர்வீகம் முசரவாக்கம். ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார். வயிறும் அதற்கேற்றபடிதான். கூலி ஆள் வராத நாளில் மூட்டையைத் தானே முதுகில் ஏற்றிக்கொண்டு போய் அடுக்குவார். ஆனால் அவரைக் கேட்டால் தன்னை மண்டிக்காரர் என்று சொல்லமாட்டார். பெருமாளைத் தூக்குகிறவன் என்பார். உற்சவத்தில் வாகனத்தைத் தோளில் சுமந்து வீதி வலம் வருகிற ஸ்ரீபாதம் தாங்கிகளில் அவர் ஒருவர். வாகனத்தைத் தாங்குகிற மரத் தண்டில் அவர் நிற்கிற இடத்தில் அவருடைய அப்பா நின்றார், அதற்கு முன்னால் தாத்தா நின்றார்.

தாங்கிகளைச் சட்டையில்லாமல் பார்த்திருக்கிறீர்களா? வருஷக்கணக்காகத் தண்டு அழுத்தி அழுத்தி, தோளில் ஒரு காய்ப்பு எழும்பி நிற்கும். சிலருக்கு எலுமிச்சை அளவு, சிலருக்கு இன்னும் பெரிது. அவர்களுக்குள் அதுதான் மரியாதை. பெரிய காய்ப்பு உள்ளவனிடம் சின்னக் காய்ப்பு உள்ளவன் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவான்.

மாத்திரைகள் எல்லாம் கைவிட்ட பிறகு அவருக்கு இன்சுலின் எழுதினேன். காலையும் மாலையும் வயிற்றில் போட வேண்டும் என்று நர்ஸ் கற்றுக்கொடுத்தாள். அவர் முகம் வெளுத்துப்போனது. கூட வந்த மனைவி பெருந்தேவி சிரித்தார்.

"இந்த ஆளு மலையத் தூக்குவாரு டாக்டரம்மா. ஊசின்னா மட்டும் கொழந்த மாதிரி ஓடுவாரு."

"நீ சும்மா இருமா. அதெல்லாம் நானே போட்டுக்குவேன்" என்று அவர் முறைத்தார்.

அப்புறம் ஆரம்பித்தது வேதனை. மாதாமாதம் வருவார், சர்க்கரை உச்சத்தில் இருக்கும். ஊசி போடுகிறாரா? போடுகிறார். மருந்து கெட்டுவிட்டதா? புதுக் குப்பி மாற்றிப் பார்த்தேன், அதே கதை. கண்டதைத் தின்கிறாரா? பெருந்தேவி அந்த விஷயத்தில் போலீஸ்காரி. சரி, ஊசியின் அளவை ஏற்றிவிடலாம் என்று நினைக்கும்போது பெருந்தேவி ஒரு குண்டைப் போட்டார்.

"போன வாரம் பொறப்பாடு முடிஞ்சு வந்தாரு. வேர்த்து ஊத்துது, கை வெடவெடன்னு ஆடுது, என்னையே யாருன்னு கேக்குறாரு. வெல்லத்தக் கரைச்சு வாயில ஊத்துனேன், எழுந்து உக்காந்துக்கினு காப்பி கேக்குறாரு."

அது சர்க்கரை தாழ்ந்துபோன லட்சணம் என்பது உங்களுக்கே தெரியும். உழைத்தால் தாழத்தான் செய்யும், அதுவும் பெருமாளைத் தூக்கும் நாளில் அவர் இறக்கி வைக்கிறவரை பச்சைத் தண்ணீர் தொடமாட்டார். அதனால், தூக்குகிற நாளில் காலை ஊசி வேண்டாம் என்று சொன்னேன். அப்படியே விட்டார். அடுத்த புறப்பாட்டிலும் அதே வேர்வை, அதே நடுக்கம்.

நன்றாகக் கவனியுங்கள். காலையில் ஊசியே போடாத மனிதருக்கு, ஊசி அதிகமானால் வருகிற கோளாறு வருகிறது. பட்டினியும் உழைப்பும்தான் காரணம் என்றால், அறுவடை நேரத்தில் மண்டியில் மத்தியானம்வரை சோறில்லாமல் மூட்டை தூக்குகிறாரே, அன்றைக்கு ஏன் வரவில்லை? அன்றைக்கு வரச்சொல்லி நானே சோதித்தேன். சர்க்கரை இறங்காமல் மேலேயே நின்றது. அரிசி மூட்டைக்கு இறங்காத சர்க்கரை பெருமாளுக்கு மட்டும் இறங்குமா? பெருந்தேவியைக் கேட்டால், "அது பெருமாளோட கருணைமா. அவரே எடுத்துக்குறாரு" என்றார். என்னிடம் அதைவிட நல்ல விளக்கம் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சென்னையில் ஒரு பெரிய டாக்டரிடம் அனுப்பினேன். அவர் சோதனை முடிவைப் பார்த்து, இவ்வளவு சர்க்கரைக்கு இந்த ஊசி காணாது, ஏற்றுங்கள் என்று எழுதி அனுப்பினார். காகிதத்தில் பார்த்தால் அதுதான் சரி. நான் ஏற்றவில்லை. தைரியத்தால் அல்ல, பயத்தால். இந்த இடத்தில் ஒன்றை மட்டும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். குழப்பம் வந்தால் நம் கை தானாக மருந்துச் சீட்டைத் தேடிப் போகும். எதையாவது எழுதினால் நமக்கு நிம்மதி. அந்த நிம்மதி நோயாளியைக் கொன்றுவிடும். கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

இதற்கிடையில் தாங்கிகளுக்கு விஷயம் கசிந்துவிட்டது. அவர்களில் மூத்தவர் நரசிம்மலு. தண்டில் யார் எங்கே நிற்பது என்பதை அவர்தான் முடிவு செய்வார். இன்னொரு முறை தள்ளாடினால் கோவிந்தசாமியைத் தண்டுக்குக் கீழே விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஒருவர் விழுந்தால் வாகனம் சாயும், கீழே எத்தனை பேர் நசுங்குவார்களோ! கோவிந்தசாமி என் எதிரே உட்கார்ந்து அழுதார்.

"அந்த எடம் போச்சுன்னா நான் மனுசனே இல்லமா. எங்கப்பா மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

அப்பா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

வைகாசி உற்சவம் வந்தது. கருடசேவை அன்று விடியற்காலையிலேயே ஊரே தெருவில் நிற்கும். நானும் என் கிளினிக் வாசலில் நின்றேன், கைப்பையில் சர்க்கரை பார்க்கிற மீட்டரோடு. அப்போது அதில் செருகுகிற பட்டையின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும், அதனால் யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பேன். கருட வாகனம் எங்கள் தெருவில் திரும்பி, பக்கத்து வீட்டார் பெருமாளுக்குப் படைக்கிற மண்டகப்படிக்காக நின்றது. தண்டுகளை முட்டுக்கோல்களில் ஊன்றினார்கள். தோள் சற்று ஓய்வெடுக்கும், ஆனால் யாரும் தண்டை விட்டு நகரக்கூடாது. அந்த நெரிசலில் பெருந்தேவி என் புடவையைப் பிடித்து இழுத்தார்.

"டாக்டரம்மா, அவரு கண்ணு சரியில்ல. கூப்புட்டா திரும்ப மாட்றாரு. வந்து பாரும்மா!"

புகுந்து போனேன். ஒரு பெண்பிள்ளை தண்டுக்குக் கீழே போய் நிற்பதைப் பார்த்து நாலு பேர் கத்தினார்கள். கோவிந்தசாமியின் உடம்பெல்லாம் தண்ணீராக ஓடியது. வாய் எதையோ முணுமுணுத்தது, பாசுரம் இல்லை, அரிசி விலை. விரலில் குத்திப் பார்த்தேன். மீட்டரில் சர்க்கரை தரைமட்டத்தில் கிடந்தது.

"காலைல ஊசி போட்டாரா?"

"சத்தியமா இல்லமா. நான் பக்கத்துலயே இருந்தேன். நேத்து சாயந்திரம் போட்டதுதான்."

பையில் குளுக்கோஸ் இருந்தது. வாயருகே கொண்டுபோனேன். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டார். அந்த நிலையிலும் "எறக்கி வெச்சாதான்... எறக்கி வெச்சாதான்..." என்றார். பலமாக ஊட்டினால் மூச்சுக்குழாயில் போகும். பெருமாள் இன்னும் சற்று நேரத்தில் கிளம்பிவிடுவார். கிளம்பி நாலடி எடுத்து வைத்தால் இவர் விழுவார்.

பக்கத்து வீட்டுக்காரர் மண்டகப்படிக்கு அண்டாவில் பானகம் கரைத்து வைத்திருந்தார். வெல்லமும் ஏலக்காயும் மணந்தது. பெருமாளுக்கு இன்னும் அமுது செய்விக்கவில்லை. அர்ச்சகர் அப்போதுதான் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் ஒரு டம்ளர் மொண்டு எடுத்துக்கொண்டு வந்து கோவிந்தசாமியின் காதில் சொன்னேன்.

"பெருமாள் கண்டருளிட்டாரு. பிரசாதம். வேணாம்னு சொல்லாதே."

பிரசாதத்தை மறுக்கத் தெரியாத வாய் அது. திறந்தது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. பானகத்துக்குச் சொந்தக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பொய் சொன்னது பாவம் என்றால் அது என் கணக்கில் இருக்கட்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இப்போதும் அதில் மாற்றமில்லை.

தெளிவு வர ஆரம்பித்ததும் நரசிம்மலு வந்து அவர் கையைப் பிடித்துத் தண்டுக்கு வெளியே இழுத்தார். வேறொருவன் அந்த இடத்தில் நுழைந்துகொண்டான். "போதும்பா. நீ இனிமே வாணாம்" என்று மட்டும் சொன்னார். வாகனம் கிளம்பிப் போனது. கோவிந்தசாமி என் கிளினிக் படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் அவர் தோளைப் பார்த்தேன். என்னிடம் வரும்போதெல்லாம் சட்டை போட்டிருப்பார், அதற்குமேல் துண்டும் கிடக்கும். வலது தோளில் காய்ப்பு ஒரு சின்ன மாங்காய் அளவுக்கு நின்றது. அதன் மேல் பொடிப் பொடியாகப் புள்ளிகள், பழையதும் புதியதுமாக. சில புள்ளிகளைச் சுற்றி லேசாக நீலம்.

"இது என்னப்பா?"

அவர் கையால் அதை மூடப் பார்த்தார். பெருந்தேவி குனிந்து பார்த்துவிட்டு, "ஐயோ, ஊசி குத்துன தடம்மா இது!" என்றார்.

கோவிந்தசாமி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வயித்துல குத்துனா உசுரு போவுதுமா. இங்க குத்துனா ஒண்ணுமே தெரியல. மரத்துப்போன எடம். இத்தினி நாளா இங்கதான் போட்டுக்கினு இருக்கேன். தண்டு தூக்குறவன் ஊசிக்குப் பயந்தான்னு தெரிஞ்சா சிரிக்க மாட்டானுங்களா?"

பளிச்சென்று புரிந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மணிக்கணக்காக மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். காய்ப்புக்குள் போன இன்சுலின் ரத்தத்துக்கு வராமல் அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால் சாதாரண நாளில் சர்க்கரை உச்சம். மூட்டை முதுகில் ஏறுகிறது, அதனால் தோளுக்கு அழுத்தமில்லை, ஒன்றும் ஆவதில்லை. தண்டு ஏறுவது நேராக அந்தக் காய்ப்பின் மேல்தான். மாலையில் போட்டது, அதற்கு முன்னால் போட்டதில் தங்கியது எல்லாம் பிழிந்து ரத்தத்துக்குப் போகிறது. சென்னை டாக்டர் சொன்னபடி ஏற்றியிருந்தால் அதுவும் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கும். அடுத்த புறப்பாட்டில் தண்டு அத்தனையையும் மொத்தமாகப் பிழிந்திருக்கும்.

என் பழைய செவிட்டுச் சந்தேகத்துக்கும் ஒருமாதிரி பதில் கிடைத்தது. ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றி வருகிற இன்சுலின் மெதுவாகப் பேசுகிறது, பருத்த உடம்பின் கொழுப்புச் செல்லுக்கு அது கேட்பதில்லை. ஊசிமுனையில் கொட்டுகிற இன்சுலினோ காதுக்குள் வாயை வைத்துக் கத்துகிறது. அந்தக் கத்தலுக்கு அந்த இடத்துச் செல்கள் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு பருக்கின்றன. இது முழு உண்மையா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. அன்றைக்கு அதுபோதும் என்று இருந்தது.

வயிற்றில் போட வைத்தேன், நர்ஸ் எதிரிலேயே. ஊசியின் அளவை நன்றாகக் குறைத்தேன். மறந்துவிடாதீர்கள், கெட்ட இடத்திலிருந்து நல்ல இடத்துக்கு மாற்றும்போது பழைய அளவையே போட்டால் ஆள் கவிழ்ந்துவிடுவான். சர்க்கரை வழிக்கு வந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன். அவர் இல்லை. சில மாதம் கழித்து வந்து சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினார். மாங்காய் பாதியாகச் சுருங்கியிருந்தது.

"ஊசி போட ஆரம்பிச்ச அப்புறம்தான்மா இது இவ்ளோ பெருசாச்சு. பெருமாள் எம்மேல பிரியம் வெச்சுட்டாருன்னு ஊரே பேசுச்சு. நரசிம்மலுவே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினாரு. இப்ப சொல்லு. இது பெருமாள் குடுத்ததா, நீ குடுத்ததா?"

என்ன சொல்வது? கொழுப்புச் செல், அம்புக்குறி, சேதி என்றெல்லாம் அவரிடம் சொல்ல முடியுமா? கொஞ்சம் அவர், கொஞ்சம் நான் என்று உளறினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வைகாசி நெருங்கியபோது நரசிம்மலுவே வந்தார். "வாயால ஒரு வார்த்த சொல்லும்மா. இவன் வுழ மாட்டானா? நீ சொன்னா நான் வுடுறேன்" என்றார். உத்தரவாதம் கேட்கிறார்! வருஷம் முழுக்க ஒரு புறப்பாட்டிலும் அவரை விடவில்லை, எதை வைத்துச் சொல்வது? ஒரு பக்கம் இந்த மனிதரின் உயிர்மூச்சு, இன்னொரு பக்கம் தண்டுக்குக் கீழே இருக்கிறவர்களின் உயிர். இரண்டு நாள் யோசித்துவிட்டு, மண்டி முற்றத்தில் ஒரு கனத்த மூங்கிலின் இரண்டு பக்கமும் அரிசி மூட்டையைத் தொங்கவிடச் சொன்னேன். முன்னால் அவர், பின்னால் நரசிம்மலு. கோயில் வீதியைச் சுற்றுகிற நேரத்துக்குச் சமமாக முற்றத்தையே சுற்றினார்கள். பட்டை விலையைப் பார்க்காமல் குத்திக் குத்திப் பார்த்தேன். சர்க்கரை மெல்ல இறங்கி ஓர் இடத்தில் நின்றுகொண்டது. பெருந்தேவி மூட்டைமேல் உட்கார்ந்து, "சாமி இல்லாம ரெண்டு பேரும் இன்னாத்துக்குச் சுத்துறீங்க?" என்று சிரித்து உருண்டார். முதல்நாள் மாலை ஊசியைக் குறைக்க வேண்டும், கிளம்புமுன் கோயிலிலேயே ஒரு பிடி பிரசாதம் சாப்பிட வேண்டும் என்றேன். அதற்கு நரசிம்மலு பொறுப்பேற்றார். விடலாம் என்று சொன்னேன்.

கருடசேவை அன்று நான் வாசலுக்குப் போகவில்லை. உள்ளே உட்கார்ந்து மேளச் சத்தம் வந்து கடந்து போவதை மட்டும் கேட்டேன். யாராவது ஓடிவருவார்கள் என்று செருப்பைக்கூடக் கழற்றவில்லை. யாரும் வரவில்லை. வெயில் ஏறிய பிறகு கோவிந்தசாமி தானே நடந்து வந்தார், பின்னால் பெருந்தேவி. மீட்டரை வைத்தேன், சர்க்கரை சரியாக இருந்தது. பிறகுதான் துண்டை விலக்கினார். காய்ப்பு அடங்கிய தோளில் தண்டு நேராக எலும்பில் உட்கார்ந்திருக்கிறது. தோல் கிழிந்து சதை தெரிந்தது, ரத்தம் முதுகுவரை ஓடிக் காய்ந்திருந்தது.

சர்க்கரைக்காரருக்கு இப்படி ஒரு புண் என்றால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? வாய்க்கு வந்தபடி திட்டுவோம். நானும் திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

அவர் கண்ணில் நீர் நின்றது. ஆனால் முகம் கருடசேவை பார்த்து வந்த முகம்.

"வலிக்குதுமா. இத்தினி வருசமா தூக்குறேன், ஒரு நாளும் வலிச்சதில்ல. அவரு இவ்ளோ கனம்னு இன்னிக்குத்தான்மா எனக்குத் தெரிஞ்சுது."

நான் பஞ்சை எடுத்துப் புண்ணைத் துடைத்தேன்.